அறியப்பட்ட குறைகள்

சல்லடை ஒன்பதாம் பதிப்பு வெளியாக நான்கு நாட்கள் இருக்கும்போது, வசுமதி அதன் வெளியீட்டுக் குறிப்பின் கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு பத்தியை அழித்தாள். நான்கு வரிப் பத்தி. அவளே எழுதியதுதான். மற்றப் பத்திகளின் எண்களைத் திருத்திவிட்டு, கோப்பை இணையத்தில் ஏற்றுவதற்கு அனுப்பினாள். பிறகு கீழே போய் ஒரு காபி குடித்தாள். 

சல்லடை, தரவுகளை ஆராயும் மென்பொருள். கோயம்புத்தூரில் சரவணம்பட்டிக்கு அப்பால் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில் தயாரானது. மருத்துவமனைகள், மில்கள், அரசு அலுவலகங்கள் என்று யாரெல்லாம் அட்டவணைகளில் எண்களை நிரப்பிக்கொண்டிருந்தார்களோ அவர்கள் எல்லாரிடமும் அது இருந்தது. வசுமதிக்கு அங்கே பதினோரு வருட வேலை. ஒவ்வொரு பதிப்பிலும் புதிதாக என்ன வந்திருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று சாதாரண ஆட்களுக்குப் புரியும் தமிழில் எழுதித் தர வேண்டும். கடைசியில் ‘அறியப்பட்ட குறைகள்’ என்று ஒரு பகுதி வரும். இன்னும் சரிசெய்யாத கோளாறுகளை அதில் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நிறுவனத்தின் வழக்கம். அந்தப் பகுதியை யாரும் படிப்பதில்லை என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். வழக்கறிஞர்கள் படிப்பார்கள் என்பது வசுமதிக்குத் தெரியும்.

ஒன்பதாம் பதிப்பில் ஐந்து புதிய வசதிகள் இருந்தன. வரைபடங்கள் வேகமாக வந்தன, வாயால் கேள்வி கேட்கலாம், இப்படி நான்கு. ஐந்தாவதுதான் ‘கைத்தடம்’. அதைச் சோதித்துப் பார்க்கும் வேலை இக்பாலுடையது. வசுமதியைவிட எட்டு வயது சின்னவன். ஒரு மதியம் அவளை உட்காரவைத்து விளக்கினான்.

“ஒரு ஆளைக் கூப்பிட்டு, மனசுக்குத் தோணுன நம்பரை எல்லாம் எழுதுங்கன்னு சொல்லுங்கக்கா. கண்டபடி எழுதறோம்னுதான் நினைப்பாரு. ஆனா முடியாது. ஒருத்தருக்கு ஏழு வந்துட்டே இருக்கும். ஒருத்தர் ஒரே நம்பரை அடுத்தடுத்துப் போடவே மாட்டாரு. கை அதோட பழக்கத்துக்குத்தான் போகும்.”

“அளக்காம எழுதுனதைக் கண்டுபிடிக்கறது எட்டாம் பதிப்புலயே இருக்கே?”

“இருக்கு. இது, யாரு எழுதுனாங்கன்னு பேரைச் சொல்லிரும். அந்த ஆள் வேற எங்கயாச்சும் நம்பர் போட்டிருந்தாப் போதும். இருப்புக் கணக்கு, வருகைப் பதிவு, எதுவா இருந்தாலும். ரெண்டையும் வச்சு ஒத்துப் பாத்துரும்.”

“பழைய அட்டவணையா இருந்தா?”

“எவ்வளவு பழசா இருந்தாலும்.”

“மூணு வருசம்?”

இக்பால் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். மூன்று வருடம் முன்பு ஆத்துப்பாலம் மயானத்துக்கு வந்தவர்களில் அவனும் ஒருவன்.

வசுமதியின் கணவர் திருநாவுக்கரசு ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடம் போடுகிறவர். நாற்பத்தாறு வயதில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், நகரின் வடக்கே ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ். அங்கே குழாய்த் தண்ணீரைச் சுத்தம் செய்துதான் இயந்திரத்துக்கு விடுவார்கள். அதில் குளோரின் மிச்சம் இருந்தால் அது நேராக ரத்தத்துக்குள் போய்ச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதனால் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் தண்ணீரைச் சோதித்து, வந்த எண்ணை ஒரு டேப்லெட்டில் பதிய வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திருநாவு படுத்துக்கொண்டு அவளிடம் பக்கத்து வீட்டுக்காரரின் புதுக் காரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தி, முதுகு வலிக்கிறது என்றார். அவள் குழாயைப் பார்த்தாள். உள்ளே ஓடிய ரத்தம் திராட்சை ரசம் மாதிரி தெளிந்து, விளக்கு வெளிச்சம் மறுபக்கம் தெரிந்தது. டெக்னீஷியன் பெண் ஸ்டெல்லா ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினாள். அதற்குள் வரிசையில் இருந்த ஆறு பேருக்கும் அதே கதி. நான்கு பேர் அன்று சாயங்காலத்துக்குள் இறந்தார்கள். திருநாவு மூன்றாவது.

அந்த வாரம் மாநகரத் தண்ணீரில் குளோரின் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். டேப்லெட்டில் அன்று காலைக்கும் வழக்கம்போல ஒரு நல்ல எண் இருந்தது. யார் பதிந்தது? பிரிவின் மேலாளர் உலகநாதனா, ஸ்டெல்லாவா? ‘ஊழியர்கள் பொதுவாகப் பயன்படுத்திய கருவி என்பதால் பொறுப்பு யாருடையது என்று உறுதிசெய்ய இயலவில்லை’ என்று விசாரணை அறிக்கை முடிந்தது. ஸ்டெல்லா வேலையை விட்டு மஸ்கட்டுக்குப் போனாள். உலகநாதன் அதே மருத்துவமனையில் அதே நாற்காலியில் இருந்தார்.

வசுமதிக்கு அவர்தான் என்பதில் சந்தேகம் இல்லை. பிணத்தைத் தரும்போது கையெழுத்து வாங்க வந்தவர் அவர். “தண்ணி பிரச்சினைங்க, எங்க கையில இல்லை” என்று சொல்லிவிட்டு, பேனாவை ஞாபகமாகத் திருப்பி வாங்கிப் பையில் செருகிக்கொண்டார். ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஸ்டெல்லாவாக இருக்குமோ என்று சில நாட்களில் தோன்றும். அந்த நினைப்பை வளர விடமாட்டாள்.

விசாரணை நடத்திய சுகாதாரத் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய அந்தத் தண்ணீர் அட்டவணை அவளிடம் இருந்தது. அதே டேப்லெட்டில் உலகநாதன் பதிந்த மருந்து இருப்புக் கணக்கும் இருந்தது. இக்பால் விளக்கிய வாரமே ஒரு சாப்பாட்டு வேளையில் இரண்டையும் கைத்தடத்துக்குள் போட்டாள். பதினோரு நொடி ஆயிற்று. கடைசி இரண்டு மாத எண்கள் எதுவுமே அளந்து எழுதியவை அல்ல என்றது. எழுதியவர்: உலகநாதன், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.

அவளுக்குத் திடீரென்று பசித்தது. டப்பாவைத் திறந்து கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து இக்பால் அவள் மேசைக்கு வந்தான்.

“ஒரு கோளாறு இருக்குக்கா. ஒரே டேப்லெட்ல ரெண்டு பேர் நம்பர் போட்டா கைத்தடம் குழம்பிருது. யாரு அதிகமாப் போட்டிருக்காங்களோ அவங்க பேரைத் தூக்கி முன்னால வச்சிருது.”

“எப்பவுமா?”

“பத்துல மூணு தடவை. மோசம் என்னன்னா, தப்பாச் சொல்றப்பவும் தொண்ணூத்தஞ்சுக்கு மேலதான் போடுது. சந்தேகமே இல்லாத மாதிரி.”

“சரிபண்ண எவ்வளவு நாளாகும்?”

“ரெண்டு மூணு மாசம். அதுக்குள்ள வெளியீடு வந்துரும். குறைகள்ல எழுதிப் போட்டுருங்கக்கா. பாக்கறவங்க ஜாக்கிரதையா இருந்துக்குவாங்க. மெயிலும் அனுப்பறேன்.”

அனுப்பினான். அவள் அந்த நான்கு வரியை எழுதினாள். ‘சேர்த்துவிட்டேன், நன்றி’ என்று பதிலும் போட்டாள். எழுதும்போதே உலகநாதனின் வழக்கறிஞர் அதைக் கோர்ட்டில் உரக்க வாசிப்பது காதில் கேட்டது. பொதுக் கருவி. அதிகம் பதிந்தவர். பத்தில் மூன்று. உலகநாதன் பேனாவைச் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

இக்பால் தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்த வாரத்தில் அழித்தாள். திரும்பி வந்தவன், பத்தியைக் காணோமே என்று கேட்டான். “வடிவமைப்புல விட்டுப்போயிருக்கும், அடுத்ததுல சேத்துக்கலாம்” என்றாள்.  அவன் தன் இருக்கைக்குப் போய்விட்டான்.

அந்த வருடம்தான் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். அங்கீகரித்த மென்பொருள் தரும் முடிவை நிபுணர் சாட்சியாக ஏற்கலாம் என்று. சல்லடைக்கு அங்கீகாரம் இருந்தது. வசுமதி புகார் கொடுத்த ஒன்பதாம் நாள் உலகநாதனைக் கைதுசெய்தார்கள். மருத்துவமனை வாசலில் எதிர்ப்புறம் நின்று பார்த்தாள். அவர் முகத்தில் பயம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது. ஜீப்பில் ஏறும்போது செருப்பு ஒன்று கழன்று கீழே விழுந்தது. யாரும் எடுத்துத் தரவில்லை. அந்தக் காட்சியை அவள் பல நாட்கள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் இனித்தது.

சிறப்பு நீதிமன்றம் ஐந்து மாதத்தில் பத்து வருடத் தண்டனை கொடுத்தது. எல்லா வாய்தாவுக்கும் போனாள். அவர் கண்ணில் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். தீர்ப்பன்று அவருடைய மகள், கல்லூரிப் பெண், தந்தையைப் பார்க்காமலே எழுந்து போனாள். வசுமதி அதையும் பார்த்தாள்.

சில மாதம் கழித்து ஒரு முற்பகலில் வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டார்கள். குறிப்பின் கடைசியில் தொடர்புக்கு என்று அவள் பெயர் இருந்ததால் அவளைத் தேடி ஒரு பெண் வந்திருக்கிறாள்.

ஐம்பது வயது இருக்கும். பென்னாகரம் பக்கத்தில் ஒரு மலைக் கிராமம், பெயர் சின்னப்பாப்பா, அங்கன்வாடிப் பணியாளர். விடிவதற்கு முன் பஸ் ஏறியிருக்கிறாள். மடியில் துண்டில் சுற்றிய டேப்லெட்.

“மிசினு இங்கதான இருக்குது?” என்றாள். “அதுகிட்டயே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“என்னன்னு எங்கிட்டச் சொல்லுங்க.”

“எங்க மையத்துல இருவத்திமூணு புள்ளைங்க. மாசாமாசம் எடை போட்டு இதுல ஏத்தணும். மாசக் கடைசில சூப்பர்வைசரம்மா சரிபாக்கறேன்னு ரெண்டு நாளைக்கு வாங்கிக்கினு போவாங்க. இப்ப ரெண்டு புள்ள சத்தில்லாம செத்துப்போச்சு. இதுல பாத்தா அந்தப் புள்ளைங்க நல்லா எடை இருந்ததாப் போட்டிருக்குது. நான் போடலைங்க. எம்பேரைச் சொல்லுதாம் மிசினு. தொண்ணூத்தாறாம்.”

“சூப்பர்வைசர் வாங்கிட்டுப் போனதைச் சொன்னீங்களா?”

“சொன்னேன். மிசினுக்கு யாரு மேலயும் கோவம் கெடையாது, அது ஏன் பொய் சொல்லப்போவுதுன்னுட்டாங்க. வேலையிலருந்து நிறுத்திட்டாங்க. ஊருல எம்மூஞ்சில முழிக்க மாட்டேங்கறாங்க. அந்தப் புள்ளைங்களத் தூக்கித் தராசுல வச்சவ நானு. இல்லாத ஒரு கிலோவை எழுதறதுக்கு எனக்கு என்னங்க வந்துச்சு?”

ஒரே டேப்லெட்டில் இரண்டு பேர். வசுமதிக்கு ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் இந்தப் பெண் இன்றைக்கே நிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம். அடுத்த வாரம் உயர் நீதிமன்றத்தில் உலகநாதனின் மேல்முறையீடு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

“மேலிடத்துக்கு எழுதுங்க. நாங்களும் பாக்கறோம்” என்றாள்.

கீழே அழைத்துப் போய் இட்லி வாங்கிக் கொடுத்தாள். காந்திபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். சின்னப்பாப்பா படியில் நின்று திரும்பி அவள் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

“உங்களுக்கு என்னமோ தெரியுது” என்றாள்.

“இல்லீங்க.”

“சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சின்னப்பாப்பா விடுகிற ஆள் இல்லை. தருமபுரியில் ஒரு பெண் வழக்கறிஞரைப் பிடித்தாள். சின்னப்பாப்பாவுக்கே சொல்லத் தோன்றாத ஒன்றை அந்த வழக்கறிஞர் தோண்டி எடுத்தார். எடைகள் மாற்றப்பட்ட ஒரு மாதக் கடைசியில் பதினோரு நாள், சின்னப்பாப்பா கர்ப்பப்பை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அந்த நாட்களின் எண்களுக்கும் கைத்தடம் அவள் பெயரைத்தான் சொல்லியிருந்தது. உயர் நீதிமன்றம் சல்லடையைச் சோதித்தவரை வரச் சொன்னது. இக்பால் தன் மெயிலையும் அதற்கு வசுமதி போட்ட பதிலையும் அச்செடுத்துக் கொண்டுபோனான். போகும்முன் அவளிடம் வந்து, “கேட்டா நான் சொல்லித்தான் ஆகணுங்கக்கா” என்றான். “சொல்லு” என்றாள் அவள்.

நீதிமன்றத்தில் அவளையும் கேட்டார்கள். அழித்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டாள். ஏன் என்றதற்கு, “என் வீட்டுக்காரருக்காக” என்றாள். தெரிந்தே மறைத்த குறையோடு வந்த எந்த முடிவும் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு வழக்குகள் ஒரே நாளில் விழுந்தன. சின்னப்பாப்பா வேலையில் சேர்ந்தாள். உலகநாதன் நிரபராதி என்று வெளியே வந்தார். அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போகவில்லை. வசுமதியை நிறுவனம் நீக்கியது. அவள்மேல் ஒரு வழக்கு பதிவாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கணபதியில் அவள் வீட்டு கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. உலகநாதன். பாதியாக இளைத்திருந்தார். பெல்ட்டைப் புதிதாக ஓட்டை போட்டு இறுக்கியிருந்தார். அடிக்க வந்திருக்கிறார் என்று முதலில் நினைத்தாள். கேட்டைத் திறக்கவில்லை.

“உள்ள வரலீங்க. ரெண்டு நிமிசம்” என்றார்.

வசுமதி கேட்டுக்கு அருகே வந்தாள். “தப்பான சாட்சியை வச்சு உங்களை உள்ள அனுப்புனேன். அதுக்கு மன்னிப்புக் கேக்கணும்னா கேட்டுக்கறேன்.”

“சரியான சாட்சிதானுங்க” என்றார் அவர்.

அவளுக்குப் புரியவில்லை.

“தண்ணி டெஸ்ட் பண்ற கிட் தீந்துபோச்சு. வாங்கச் சொல்லி எழுதுனா, போன மாசந்தான வாங்குனோம்னு மேல சத்தம் போடுவாங்க. அதனால நம்பரைப் போட்டுட்டே இருந்தேன். ரெண்டு மாசம் ஒண்ணும் ஆகலை. ஆகாதுன்னுதான் நினைச்சேன். அன்னைக்குக் காலையில போட்டதும் நான்தானுங்க.”

வசுமதி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த டேப்லெட்டோட ரகசிய எண் எனக்கு மட்டுந்தான் தெரியும். ஸ்டெல்லா ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. பொதுக் கருவின்னு அறிக்கையில எழுத வச்சது நானு, பாரம் பிரிஞ்சு போகட்டும்னு. நீங்க அதை நம்பிட்டீங்க. உங்க மிசினுல இருந்த கொறை என் கேசுல கெடயவே கெடயாதுங்க. அந்த நாலு வரி இருந்திருந்தா கோர்ட்ல ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பாங்க, வேற யாரு தொட்டாங்கன்னு. ஸ்டெல்லாவ ஒருக்காக் கூப்பிட்டு விசாரிச்சிருப்பாங்க. அப்புறம் எந்தக் கோர்ட்டுலயும் நான் தப்பிச்சிருக்க முடியாது.”

தெருவில் காய்கறி வண்டி ஒன்று ஒலிபெருக்கியில் விலை சொல்லிக்கொண்டு போயிற்று. அது தாண்டும் வரை பொறுத்திருந்தார்.

“இதை எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீங்க?” என்றாள். 

“பதினாலு மாசம் உள்ள இருந்தேன். எம்பொண்ணு ஒருக்காக்கூட வந்து பாக்கலை. எல்லா வாய்தாவுக்கும் நீங்க வந்து உக்காந்து என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தீங்க. வெளிய போனா உங்களை ஏதாச்சும் பண்ணணும்னு யோசிச்சுட்டே இருந்தனுங்க. அடிக்கறது வெட்டறதெல்லாம் எனக்கு வராது. உண்மையச் சொல்லிட்டுப் போயிரலாம்னு வந்தேன்.”

ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

வசுமதி உடுத்தியிருந்த சேலையோடு காவல் நிலையத்துக்குப் போனாள். ஆய்வாளர் உட்காரச் சொல்லி, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். எழுதுவதற்கு எடுத்த பேனாவை மூடி வைத்தார்.

“ஒருக்கா விடுதலை ஆனவரை அதே குத்தத்துக்கு மறுபடி கூண்டுல ஏத்த முடியாதுங்க, மேடம். அப்படியே ஏத்தலாம்னு வச்சாலும், அவர் ஒத்துக்கிட்டார்னு சொல்றது யாரு? நீங்க. உங்க பேர்ல என்ன கேஸ் இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.”

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்று ஸ்டெல்லாவின் எண்ணைத் தேடினாள். மூன்று வருடத்துக்கு மேல் அந்த எண்ணுக்கு அவள் பேசியதில்லை. இரண்டாவது மணியில் ஸ்டெல்லா எடுத்தாள்.

“அக்கா. எப்படி இருக்கீங்க?”

“ஸ்டெல்லா, அந்தத் தண்ணி டேப்லெட்டை நீ எப்பவாச்சும் தொட்டிருக்கியா?”

“இல்லக்கா. சார்தான் வச்சிருப்பாரு. யாருக்கும் குடுக்க மாட்டாரு.”

“நீ ஏம்மா இதைச் சொல்லலை?”

“விசாரணைல சொன்னேன். அறிக்கையில வேற மாதிரி எழுதிட்டாங்க. அப்புறம் கோர்ட்ல தண்டனையே குடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். இனி நம்ம சொல்றதுக்கு என்ன இருக்குன்னு விட்டுட்டேன். யாரும் கூப்பிடவும் இல்லை. நீங்க ஒரு போன் போட்டிருந்தா வந்து சொல்லியிருப்பேனே. ஏன்க்கா கேக்கலை?”

வசுமதி அடிமரத்தில் சாய்ந்துகொண்டாள். வேறு காரணம் ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தாள். 

“ஒருவேளை நீயா இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன்” என்றாள்.

மஸ்கட்டில் எங்கோ ஒரு தள்ளுவண்டி உருண்டு போகும் சத்தம் கேட்டது. 

“அப்ப நானா இருக்கலாம்னு நினைச்சுட்டேதான் அவரை உள்ள அனுப்புனீங்களா?”

“ஆமா” என்றாள் வசுமதி.

“டூட்டிக்கு நேரமாச்சுக்கா” என்று சொல்லி ஸ்டெல்லா போனை வைத்தாள்.